ஆஸ்டின் ரேடியேட்டரும் அசல் தன்மைக் குழுவும்

காலையில் ஒரு பனியனுக்கு ஜெர்மனி லேபிள் தைத்து, மத்தியானம் அதே பனியனுக்குப் பிரான்சு லேபிள் தைத்து, ஆர்டர் ரத்தாகிவிட்டால் பொழுதோடு இரண்டையும் பிரித்துப் போட்டுவிட்டு ரோட்டோரத்தில் குவித்து விற்கிற ஊர் திருப்பூர். அந்த ஊரில் ஒரு பொருள் அசல்தானா என்று பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு குழு இருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மாரப்பன் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தக் குழுவோடு நாலரை மாதப் பழக்கம்.

மாரப்பனுக்கு ஊர் தாராபுரம் ரோட்டை விட்டு உள்ளே போகிற கரட்டுவலசு. ஐந்து ஏக்கர் மானாவாரிக் காடு, ஒரு கிணறு, மனைவி மயிலாத்தாள், 1951-ஆம் வருஷத்து ஆஸ்டின் கார் ஒன்று. மகளை ஈரோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. கார், அவருடைய அப்பா ஒரு மில் முதலாளியிடமிருந்து வாங்கியது. மாரப்பன் அதை அருமைப் பொருளாக எல்லாம் வைத்திருக்கவில்லை. மண்வெட்டி மாதிரி, கயிற்றுக்கட்டில் மாதிரி அதுவும் வீட்டில் ஒன்று. பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் எட்டுக் குடம் நிற்கும். குடம் எதற்கு என்றால், கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பத்தெட்டில், காட்டோரத்து ஓடைக்கு மேல்பக்கம் ரத்தினசாமி என்ற பெரிய எக்ஸ்போர்ட்டர் ஒரு சாயப் பட்டறை போட்டார். அந்த வருஷம் ஐப்பசி மாதம் மாரப்பன் கிணற்றில் ஊற்று சிவப்பாக வந்தது. அப்புறம் கருநீலமாக வந்தது. ஊற்று என்ன கலரில் வருகிறது என்று பார்த்து, சீமையில் அந்த வருஷம் என்ன கலர் சட்டை போடுகிறார்கள் என்று மயிலாத்தாள் சொல்லிவிடுவாள். மாடுகள் அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு மாடுகளை விற்றார்கள்.

மாரப்பன் சும்மா இருக்கவில்லை. மூன்று முறை பட்டறைக்குப் போய்ச் சொன்னார். மூன்று முறையும் மேனேஜர் மோர் கொடுத்து உட்கார வைத்து, ஒரே கேள்வியைக் கேட்டார்: "ஏனுங்க, இந்த ஓடையில பதினோரு பட்டறைத் தண்ணி போகுது. உங்க கெணத்துல இருக்கற கலர்ல எங்க கம்பெனி பேரு எழுதியிருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மாரப்பன் வந்துவிடுவார். எழுதியிருக்கவில்லைதானே.

அதனால் தினமும் காலையில் ஆஸ்டினை எடுத்துக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் தள்ளி, அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மயிலாத்தாளின் அண்ணன் பெருமாள்சாமியின் தோட்டத்துக்குப் போய் எட்டுக் குடம் நல்ல தண்ணீர் கொண்டுவருவார். குடத்தின் வாயைப் பனியன் வேஸ்ட் துணியால் கட்டி, மெல்ல ஓட்டி வருவார். வீட்டுக்கு நாலு குடம், நடமாட முடியாத பக்கத்து வீட்டு வயசாளிகளுக்கு நாலு குடம். காருக்கு மட்டும் கலர்த் தண்ணீர். "குடிக்கற தண்ணிய ரேடியேட்டருக்கு ஊத்தறதுக்கு நாம என்ன ஜமீனுங்களா?" என்று மயிலாத்தாள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆறு வருஷம் கலர்த் தண்ணீர் குடித்த ரேடியேட்டர், தொண்ணூற்று நாலு ஆவணியில் சல்லடையாகிவிட்டது.

தாராபுரம் ரோட்டில் ரேடியேட்டர் கடை வைத்திருந்த மொக்கைச்சாமி மதுரைப் பக்கத்து ஆள். பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, அது ஒத்துவராமல் கையில் இருந்த தொழிலுக்கே திரும்பியவர். அவர் ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு மேல பத்தவைக்க எடமில்லண்ணே. ஓட்டைக்கு ஒட்டு, ஒட்டுக்கு மேல ஒட்டு, எல்லாம் போட்டாச்சு. ஈயம்தான் கூடுது. உள்ளாற ஒரு அம்பாசடர் ரேடியேட்டர் கெடக்கு. ரெண்டு ஆங்கிள அறுத்து வச்சா கச்சிதமா உக்காந்துரும். சாயங்காலம் எடுத்துட்டுப் போயிருங்க."

"செரிங், அப்படியே வெச்சிருங்க" என்று மாரப்பன் சொன்னார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வேறொரு வேலையாகக் கடைக்குள் வந்தார். ஆஸ்டினைப் பார்த்ததும் கையை உயர்த்திக் கத்தினார்.

"நிறுத்துங்க! ஏனுங்க, இது என்ன காருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுமுங்க. என்ற காருங்க."

"உங்க காரில்லீங்க இது. வரலாறுங்க!"

வந்தவர் குமாரசாமி. திருப்பூர் தொல்பெருமை மோட்டார் மன்றத்தின் செயலாளர். அந்த மன்றம் பிறந்த கதை சின்னது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பனியன் வாங்க வந்த ஜெர்மனிக்கார பையர் ஒருவர், விருந்துச் சாப்பாட்டில் பேச்சுக்கு, தனக்குப் பழைய கார்கள் மேல் ஆசை என்று சொல்லி வைத்தார். மூன்று மாதத்துக்குள் இருபத்திரண்டு எக்ஸ்போர்ட்டர்கள் இருபத்திரண்டு பழைய கார்கள் வாங்கிவிட்டார்கள். ஆர்டர் போய்விடக் கூடாது பாருங்கள். கார்கள் ஏசி போட்ட ஷெட்டில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் முதல் தரமான பனியன் துணியில் உறை. உறையின் கழுத்தில் சைஸ் லேபிளும், எப்படித் துவைக்க வேண்டும் என்ற குறிப்பும் இருந்தன. ஊர்வலம் என்றால் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, போட்டோ எடுத்து, மறுபடி லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மன்றத்துக்குத் தலைவர் ரத்தினசாமி. மன்றத்துக்குள் அசல் தன்மைக் குழு. அந்தக் குழுவுக்கும் தலைவர் ரத்தினசாமி.

"மன்றமே உங்க ரேடியேட்டரைச் சீர் பண்ணிக் குடுக்குமுங்க. ஒரு பைசா வேண்டாமுங்க. நீங்க அம்பாசடர் ரேடியேட்டரை மட்டும் வெச்சுப் பாவம் பண்ணாதீங்க. குழு பார்க்கட்டும். ஆகட்டுங்களா?" என்றார் குமாரசாமி.

மாரப்பனிடம் ஒரு குறை உண்டு. அந்தப் பக்கத்தில் அதைக் குணம் என்பார்கள். மரியாதையாகக் கேட்கிறவர்களிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. அவர் மட்டும் அல்ல, அவருடைய சாதிசனம் மொத்தமும் அப்படித்தான். வீட்டில் தீப்பிடித்தாலும், வந்தவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் அணைப்பார்கள்.

"ஆகட்டுங்க" என்றார் மாரப்பன்.

ரேடியேட்டர் குமாரசாமியின் காரில் ஏறிப் போயிற்று. மொக்கைச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு, "கழட்டுனது நான். கெட்டது நீங்க. போங்கண்ணே" என்றார். ஆஸ்டினை ஒரு டிராக்டரில் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுநாளிலிருந்து மயிலாத்தாள் பஸ்ஸில் தண்ணீருக்குப் போனாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. போகும்போது காலிக் குடத்துக்கு டிக்கெட் இல்லை, வரும்போது நிறைகுடத்துக்கு லக்கேஜ் என்று கண்டக்டர் சட்டம் பேசினார். ஸ்பீடு பிரேக்கர்கள் பாதித் தண்ணீரைக் குடித்துக்கொண்டன. தினம் இரண்டு நடை. அவளுக்கு ஐம்பது வயது. பத்தாம் நாள் படியிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். மாரப்பனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கார் ஓட வேண்டும், எட்டுக் குடம் வர வேண்டும். பழைய பெருமை, புதிய பெருமை எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

மன்றத்தில் முதலில் அவரையும் காரையும் சேர்த்துக்கொள்ள ஒரு பாரம் நிரப்பச் சொன்னார்கள். எக்ஸ்போர்ட் பாரத்தையே தலைப்பு மாற்றி அடித்திருந்தார்கள். நிறம், அளவு, எத்தனை டஜன் என்று கட்டங்கள் இருந்தன. எத்தனை டஜன் என்ற கட்டத்தில் மாரப்பன் 'ஒரு கார்' என்று எழுதினார். குமாரசாமி அதை அடித்துவிட்டுப் பன்னிரண்டில் ஒரு பங்கு டஜன் என்று திருத்தி, சுருக்கொப்பம் போட்டார்.

"ரேடியேட்டர் எப்பங்க கிடைக்கும்?" என்று மாரப்பன் கேட்டார்.

"சேம்பிள் அப்ரூவல் ஆகோணுமுங்க. சேம்பிள் இல்லாம எந்த வேலையும் நாங்க பண்றதில்லீங்க. பன்னெண்டு நாட்டுக்கு அனுப்பறோம், இதுவரைக்கும் ஒரு பெட்டி திரும்பி வந்ததில்ல. ரெண்டு பெட்டி வந்துச்சு. அது கப்பல்காரன் தப்பு."

சேம்பிள் என்றால் என்ன என்பது பதினெட்டு நாள் கழித்துத் தெரிந்தது. ரத்தினசாமி கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் அளவெடுத்து, பனியன் துணியிலேயே ஒரு ரேடியேட்டர் தைத்து அனுப்பியிருந்தார். தண்ணீர் ஊற்றுகிற வாய்க்குப் பனியன் கழுத்துக்கு வைப்பது போலச் சுருக்குப் பட்டி வைத்திருந்தது. அதைக் காரில் மாட்டி, நாலு பேர் நாடாவால் அளந்து, இடது பக்கம் அரை சென்டிமீட்டர் எச்சு என்று எழுதிக்கொண்டு போனார்கள். துவைத்தால் சுருங்கும், அதனால் பரவாயில்லை என்று ஒருவர் சொன்னார். ரேடியேட்டரை யார் துவைப்பார்கள் என்று இன்னொருவர் கேட்டார். இதன் பேரில் இரண்டு கூட்டம் நடந்தது. இரண்டாவது சேம்பிள் வந்தது, அதுவும் ரிஜெக்ட் ஆனது. தையல் வெளியே தெரிந்ததாம். மூன்றாவதைக் காரிலேயே மாட்டி வைத்துவிட்டு, அப்ரூவல் வரும்வரை கழற்றக் கூடாது என்றார்கள்.

மயிலாத்தாள் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல தண்ணி ஊத்துனா வடிகட்டியாவது குடுக்குமுங்க. உங்க குழு அதுகூடக் குடுக்காது."

"பெரிய மனுசங்க செய்யறாங்க. நடுவுல போயி எப்படிப் புள்ள வேண்டாங்கறது?"

"அவங்க உங்களைக் கேட்டா செய்யறாங்க?" என்றாள் அவள். மாரப்பனுக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டு வயசாளிகள் அந்த வாரம் கலர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். காய்ச்சினால் கலர் போகாது என்று அவர்களுக்கும் தெரியும்.

கார்த்திகையில் அசல் தன்மைக் குழுவின் பேரவை கூடியது. ரத்தினசாமி கம்பெனியின் செக்கிங் ஹாலில், வெள்ளைத் துணி விரித்த மேஜை மேல் மாரப்பனின் ரேடியேட்டர் படுத்திருந்தது. அதற்கு ஒரு மாலை. உள்ளே எவ்வளவு அசல் இருக்கிறது என்று பார்ப்பதற்காக அதன் மேல் தொட்டியை வெட்டித் திறந்திருந்தார்கள். மாரப்பன் அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வெட்டின ரேடியேட்டரை இனி யார் வந்து ஒட்டுவது.

தொட்டிக்குள் கால் விரல் பருமனுக்கு உப்பு படிந்திருந்தது. வெட்டுவாயில் பார்த்தால் அடை அடையாகக் கலர். அடியில் சிவப்பு, அதற்கு மேல் கருநீலம், மேலே மயில் கழுத்துக் கலர். உறுப்பினர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரத்தினசாமியும் எட்டிப் பார்த்தார். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மனிதர் சட்டென்று நிமிர்ந்தார். சாயக்காரன் கலரைப் பார்த்துவிட்டால் ஷேடு சொல்லாமல் இருக்க மாட்டான். நாடி பார்க்கிறவன் கையை நீட்டினால் பிடிப்பது போலத்தான் அது.

"லைட் பாக்ஸ் கொண்டாங்கய்யா! ஷேடு கார்டை எடுங்க!"

கொண்டுவந்தார்கள். ஒரு சில்லை உடைத்து, கலர் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்து, அட்டையோடு ஒட்டிப் பிடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. மைக்கை வாங்கிக்கொண்டார்.

"உறுப்பினர்களே! நம்ம தொழிலுக்கு வரலாறு இல்லேன்னு வடக்கேயிருந்து வர்றவங்க பேசறாங்க. வரலாறு எங்கே இருக்குதுன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது. இதா, அடியில செவப்பு. எம்பத்தெட்டு, கிறிஸ்துமஸ் ஆர்டர். என்ற முதல் ஆர்டருங்க! அன்னைக்கு நம்மகிட்ட சுத்திகரிப்புத் தொட்டி கிடையாது. இன்னைக்கும் கிடையாது, அது வேற விசயம். அதுக்கு மேல கருநீலம். அதுக்கும் மேல பாருங்க, டர்க்காய்ஸ்! தொண்ணூத்தொண்ணு சம்மர். நாப்பதாயிரம் பீசு. நானே நின்னு கலக்குன சாயம். நாலாயிரத்து நானூத்திப் பன்னெண்டு, அதுதான் ஷேடு நம்பரு. இந்த ஓடையில பதினோரு பட்டறை இருக்குது, இந்த ஷேடை என்னைத் தவிர ஒருத்தன் கொண்டு வந்துட முடியுமா? மூணு வருசம் கொதிக்கற தண்ணியில, எஞ்சின் சூட்டுல கிடந்திருக்குது. ஒரு பாயிண்ட் வெளுத்திருக்குதா? அந்த ஜெர்மனிக்காரன், நம்ம சட்டை ரெண்டு துவையல்ல வெளுக்குதுன்னு எங்கிட்ட டிஸ்கவுண்ட் கேட்டான். வரட்டும், காட்டறேன். துணியில நிக்காமப் போயிருக்கலாம். தண்ணியில நிக்குதில்ல!"

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர், விவரம் தெரியாதவர், எழுந்து கேட்டார்: "தலைவருங்க, நம்ம டர்க்காய்ஸ் இவரு ரேடியேட்டருக்குள்ள எப்படிங்க போச்சு?"

மாரப்பன் எழுந்து கைகூப்பினார். "கெணத்துத் தண்ணிங்க. என்ற கெணறு உங்க பட்டறைக்குக் கீழ்ப்பக்கமுங்க. மூணு வாட்டி வந்து சொன்னேனுங்க. கலர்ல பேரு எழுதியிருக்குதான்னு மேனேஜர் கேட்டாருங்க."

"பேரு எதுக்குங்க? ஷேடு நம்பர் இருக்குதே!" என்று ரத்தினசாமி இறங்கி வந்து அவருக்குத் துண்டு போர்த்தினார். செயலாளர் நடவடிக்கைக் குறிப்பில், 'உறுப்பினர் மாரப்பன் ஆறு ஆண்டுகள் இடைவிடாது நீர் ஊற்றி ஒத்துழைத்தமைக்கு நன்றி' என்று எழுதிக்கொண்டார்.

அன்றைக்கே ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் படிவு முழுக்க அசல், அது இன்ன பட்டறையின் இன்ன ஆண்டின் இன்ன எண் சாயம், கலப்படமில்லாதது என்று எழுதி, ரத்தினசாமி கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்திருந்தார். ரேடியேட்டரை இனித் தொடக் கூடாது, கழுவினால் வரலாறு போய்விடும், பற்றவைத்தால் உருகிவிடும், ஆகவே தலைவர் அறையில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் என்று தீர்மானமாயிற்று. அசல் ஒன்று நல்லபடியாக இருக்கும்போது காருக்கு இன்னொன்று வைப்பது போலி என்றும் தீர்மானமாயிற்று.

"அப்பக் காரு எப்படிங்க ஓடும்?" என்று மாரப்பன் கேட்டார்.

குமாரசாமிக்கு உண்மையாகவே புரியவில்லை. "ஓடறதுக்கும் அசலுக்கும் என்னங்க சம்பந்தம்? எங்க காரெல்லாம் ஓடுதுங்களா?"

வீட்டுக்கு வந்ததும் மயிலாத்தாள் சான்றிதழை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். "ஏனுங்க, இதுல அவரே ஒத்துக்கிட்டிருக்காருங்களே! இதைக் கொண்டுபோயி ஆபீசுல குடுங்க" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு நம்பிக்கையை மாரப்பன் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. மறுநாளே போனார். தண்ணீர் மாசுபட்டால் கேட்பதற்கென்று இருந்த ஆபீஸ் அது. எந்த ஆபீஸ் என்பது வேண்டாம், எல்லாம் ஒரே பெஞ்சுதான். பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதிகாரி சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் எங்க ஆபீசுக்கு இதுவரைக்கும் வந்ததே இல்ல. கையெழுத்து, முத்திரை, ஷேடு நம்பர்கூட இருக்கு. ஆனா இது ரேடியேட்டர்ல இருக்கற கலருக்குத்தான் சான்று. கிணத்துல இருக்கற கலருக்கு எங்க சான்று?"

"ரெண்டும் ஒரே தண்ணிங்க."

"அது உங்களுக்குத் தெரியும். பைலுக்குத் தெரியணுமே. ஒண்ணு பண்ணுங்க. கிணத்தையும் அந்த மன்றத்துல சேர்த்துவிடுங்க. பழைய கிணறுதானே, சேர்த்துக்குவாங்க. அதே குழுகிட்ட அதுக்கும் ஒரு சான்று வாங்கிட்டு வந்தா நான் உடனே நடவடிக்கை எடுக்கறேன்."

பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வரும்போது, கிணற்றுக்கு அந்தப் பாரத்தில் எத்தனை டஜன் என்று எழுதுவது என்று மாரப்பன் யோசித்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே யோசித்தார். யோசிக்கிறோம் என்று தெரிந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் அசந்துவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படுவதற்குக்கூட அவரிடம் தெம்பு இல்லை. நேராக மொக்கைச்சாமி கடைக்குப் போனார்.

"அந்த அம்பாசடர் ரேடியேட்டர் இருக்குதுங்களா?"

"உங்களுக்காகத்தான் யாருக்கும் குடுக்காம வச்சிருந்தேன். வருவீகன்னு தெரியும்" என்றார் மொக்கைச்சாமி. அவரே கரட்டுவலசுக்கு வந்து, துணி ரேடியேட்டரைப் பிடுங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு ஆங்கிளை அறுத்து வைத்து, மூன்று மணி நேரத்தில் காரை ஓட்டிக் காட்டினார். இந்த முறை மயிலாத்தாள் தானே ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து ரேடியேட்டருக்கு ஊற்றினாள். மார்கழியிலிருந்து எட்டுக் குடம் மறுபடி வர ஆரம்பித்தது. மன்றத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. போலி உறுப்புப் பொருத்தியதால் தங்கள் கார் இன்று முதல் தங்கள் கார் ஆகாது என்று அதில் எழுதியிருந்தது. மாரப்பன் அதை மடித்து, ஆடுகிற குடம் ஒன்றுக்கு அண்டை கொடுத்தார்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மாரப்பனும் மயிலாத்தாளும் தண்ணீரோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிரே ரோட்டோரம் முழுக்கப் பழைய கார்கள். பானெட்டுகள் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் இட்லிக் குண்டான் மாதிரி ஆவி கிளம்பியது. ஜெர்மனிக்கார பையர் வந்துவிட்டாராம். காரில் ஏறி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அவர் அப்படிக் கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. டிரைவர்களைப் பிடித்துக் கிளம்பியவர்கள் பட்டறைக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். பாதித் தூரம்கூட வரவில்லை, இருபத்திரண்டும் கொதித்து நின்றுவிட்டன. பையர் ஒரு வேப்பமரத்தடியில் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்தாதீங்க" என்றாள் மயிலாத்தாள்.

மாரப்பனும் நிறுத்தக் கூடாது என்றுதான் நினைத்தார். மனதார நினைத்தார். ஆனால் ரத்தினசாமி நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் கூப்பிவிட்டார். அத்தனை பெரிய மனிதர் கும்பிட்டு நிற்கும்போது கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிட்டது.

"சாமி, ரெண்டு குடம் தண்ணி குடுத்தீங்கன்னா மானம் காப்பாத்துனாப்பல ஆகுமுங்க!"

இரண்டு குடம் ஆறு குடமாயிற்று. மயிலாத்தாள் மீதி இரண்டின் மேலும் கையை வைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ரத்தினசாமி தன் காருக்கு ஊற்றுவதற்கு முன்னால் ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டார். தாகத்துக்கு அல்ல. நாக்கில் வைத்து, மேலண்ணத்தில் தேய்த்து, கண்ணை மூடினார். ஷேடு சொன்னாரே, அதே முகம்.

"உப்பே இல்லீங்களே! இது சாயத்துக்குன்னே செஞ்ச தண்ணியாட்ட இருக்குது. நம்மூர்த் தண்ணியில இப்பெல்லாம் வெள்ளைத் துணிகூட வெள்ளையா வர்றதில்லீங்க. எவனோ கெடுத்துப்போட்டான். இது எந்தக் கெணறுங்க?"

மரியாதையாகத்தான் கேட்டார். மயிலாத்தாள் காருக்குள்ளிருந்து இருமினாள். மாரப்பனுக்கு அது கேட்டது.

"அவிநாசிபாளையம் தாண்டி எடப்பக்கம் மண் ரோடு போகுமுங்க. பெருமாள்சாமி தோட்டம்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. நம்ம மச்சாந்தானுங்க."

புதன்கிழமை காலையில் அந்த மண் ரோட்டில் ஆஸ்டின் திரும்பியபோது, தோட்டத்து வேலிவரை டேங்கர் லாரிகள் நின்றன. மயிலாத்தாள் விரல் விட்டு எண்ணினாள். பதினொன்று. கிணற்றில் பெரிய மோட்டார் இறக்கியிருந்தார்கள். பெருமாள்சாமி வேலியோரம் வந்து நின்று, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் மாரப்பனிடம் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. ரத்தினசாமி ஆளுங்க வந்தாங்க. உங்க பேரைச் சொல்லித்தான் வந்தாங்க. உங்க பேரைச் சொல்லிட்டு வந்தவங்களை நான் எப்படிங்க இல்லீங்கறது?"

"அதுக்கென்னுங் மச்சான்" என்றார் மாரப்பன். மச்சான் வீட்டு வாசலிலேயே அவர் வரிசையில் நின்றார், பதினோராவது லாரிக்குப் பின்னால். கார் சூடாகவே இல்லை. மொக்கைச்சாமியின் வேலை சுத்தமான வேலை. மயிலாத்தாள் முன்சீட்டில் மடியில் கையை வைத்துக்கொண்டு, எதிரே இருந்த லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று அவருக்கு இருந்தது.

லாரிக்காரர் ஒருவர் பீடி பற்றவைக்க நெருப்புக் கேட்டு வந்தார். கிணற்றுப் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார்.

"என்னா தண்ணிண்ணா! திருப்பூரைச் சுத்தி இருபது மைலுக்கு இப்படி ஒரு தண்ணி கிடையாது. எத்தனை நாளைக்கு வருமோ, சித்திரைக்குள்ள அடியில கல்லு தெரிஞ்சுரும். யாருங்கண்ணா இந்தக் கெணத்தை எங்க மொதலாளிக்குக் காட்டிவிட்டது?"

மயிலாத்தாள் திரும்பவில்லை. மாரப்பன் தீப்பெட்டியை நீட்டினார்.

"தெரியலீங்க" என்றார். ஐம்பத்து நாலு வயதில் அவர் சொன்ன முதல் பொய் அது.